சட்டையைக் கழற்றச் சொல்லாதீர்கள்

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் குறும்படம் எடுக்கும் தம்பி தங்கைகளுக்கு,

நீங்கள் சேர்ந்து திரையிட்ட படங்களைக் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தேன். சிப்காட்டில் ஷிப்டு முடித்து வந்து, வார விடுமுறையில், கைப்பேசியில் எடுத்தவை என்று சொன்னால்தான் தெரியும். ஒரே வீட்டுக்குள் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் கலந்து புழங்குவதை அப்படியே பிடித்திருக்கிறீர்கள். வெளியூரிலிருந்து வந்து படம் எடுப்பவர்களுக்கு இது லேசில் கைவராது. சானமாவுக் காட்டிலிருந்து யானைக்கூட்டம் பொழுது சாயும் நேரத்தில் வெளியே வரும் காட்சியை எடுத்த பிள்ளைக்குத் தனியாக ஒரு பாராட்டு.

ஒரு படம் மட்டும் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ராகி வயலில் பரண், பரண்மேல் யானைக் காவலர் ஒருவர். இருளர் வகுப்புப் பெரியவர். மேலே சட்டை இல்லை, காலில் செருப்பு இல்லை. படம் முழுக்க அவருக்கு இரண்டே இரண்டு வார்த்தை. மற்றதையெல்லாம் பெங்களூரிலிருந்து வரும் இளைஞன் பேசுகிறான். காட்டைப் பற்றியும் அவன்தான் அவருக்கே விளக்குகிறான்.

மார்கழி ராத்திரியில் தளிப் பக்கம் பரண்மேல் வெற்றுடம்போடு யாராவது உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? நாம் பார்க்கிற காவலர் காக்கிச் சட்டைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருப்பார். காதை மூடிய குரங்குக் குல்லா, கையில் டார்ச்சு, பையில் பட்டாசு, சட்டைப்பையில் செல்போன். கூட்டம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று நடு ராத்திரியில் பக்கத்து ஊருக்குப் போன் போட்டுச் சொல்கிறவர் அவர். இயற்கையாகத் தெரியட்டும் என்று அவரைச் சட்டையைக் கழற்றச் சொன்னோம் என்று உங்களில் ஒருவரே சொன்னீர்கள். அதைக் கேட்டபோது எனக்கு சாபுவின் ஞாபகம் வந்தது. இந்த மடல் அவரைப் பற்றியது.

ஏறத்தாழ தொண்ணூறு வருடத்துக்கு முன்பு, நம் எல்லைக்கு அந்தப் பக்கம், யானைப்பாகன் மகன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு போய் சினிமா இதே வேலையைச் செய்தது. அவன் ஹாலிவுட் நட்சத்திரமானான், அமெரிக்கக் குடிமகனானான், உலகப்போரில் விமானத்தில் பறந்து பதக்கம் வாங்கினான். ஆனாலும் திரையில் அவனுக்குச் சட்டை கிடைத்த படங்கள் சொற்பம்.

சாபு 1924 ஜனவரி 27 அன்று மைசூர் சமஸ்தானத்தில், கபினிக் கரையில் உள்ள காரபுராவில் பிறந்தார். அது நமக்குத் தூரத்து ஊர் என்று நினைக்க வேண்டாம். பன்னார்கட்டாவிலிருந்து ஜவளகிரி வழியாக நம் ராகிக்கு வரும் யானைகளின் காட்டையும் காரபுராக் காட்டையும், காவிரி ஓரம், மாதேஸ்வரன் மலை, பிலிகிரி ரங்கன் மலை, பந்திப்பூர் என்று ஒரே காட்டுத் தொடர்தான் இணைக்கிறது. அப்பா மகாராஜாவின் யானைப்பாகன். உருது பேசும் முஸ்லிம் குடும்பம். சிறு வயதிலேயே அப்பாவையும் அம்மாவையும் இழந்த பையன், அரண்மனை யானைக் கொட்டடியில் வளர்ந்தான்.

1935இல் ராபர்ட் ஃப்ளாஹெர்ட்டி மைசூருக்கு வந்தார். எஸ்கிமோ வேட்டைக்காரர் ஒருவரை வைத்து 1922இல் 'நானூக்' எடுத்துப் புகழ்பெற்ற அமெரிக்கர். கிப்ளிங்கின் யானைக் கதை ஒன்றைப் படமாக்க லண்டன் தயாரிப்பாளர் அலெக்ஸாண்டர் கோர்டா அவரை அனுப்பியிருந்தார். நாயகனாக ஒரு சிறுவன் வேண்டும். கேமராமேன் ஆஸ்மண்ட் பாரடேல் கொட்டடியில் கண்டுபிடித்த பையன்தான் சாபு.

'காட்டில் கிடைத்த பிள்ளை' என்று பிற்பாடு விளம்பரம் செய்தார்கள். பாரடேல் கொட்டடியில் உண்மையில் பார்த்தது என்ன? பதினோரு வயதுப் பையன் ஒருவன், தன்னைப் போல் பல பங்கு பெரிய உயிரின் கழுத்தில் உட்கார்ந்து, காதுக்குப் பின்னால் கால்விரலால் அழுத்தியே அதை நிறுத்துகிறான், திருப்புகிறான், மண்டியிட வைக்கிறான். யானையின் மனநிலையைக் காதசைவிலேயே படித்துவிடுகிறான். இது தானாக வந்துவிடாது. அப்பன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து, விழுந்து எழுந்து, பல வருடம் பழகிய தொழில். லேத் மெஷினில் ஒரு நூலளவு பிசகாமல் கடைகிறவரின் கைக்குச் சமமான கை அது. சினிமா அந்தக் கையைக் கூலிக்கு எடுத்துக்கொண்டது. திரையில் காட்டும்போது மட்டும் தொழிலை மறைத்துவிட்டு, பிறவிக் குணம் என்றது. சாபுவின் வாழ்க்கை முழுக்க நடந்தது இதுதான் என்பது என் கட்சி.

ஃப்ளாஹெர்ட்டி மைசூரில் எடுத்துக்கொண்டே இருந்தார், கதை நகரவில்லை. கோர்டா தன் தம்பி ஜோல்டானைப் போட்டு, மீதியை இங்கிலாந்தில் டென்ஹாம் ஸ்டுடியோவில் முடிக்க வைத்தார். சாபுவையும் அவர் அண்ணனையும் கப்பலேற்றி அங்கே கொண்டுபோனார்கள். 'எலிஃபென்ட் பாய்' 1937இல் வந்தது. வெனிஸ் விழாவில் இயக்கத்துக்குப் பரிசும் வாங்கியது. அதை ஒரு முறை கவனமாகப் பாருங்கள். பையன் நிஜம். ஐராவதம் என்ற அந்த மகாராஜா வீட்டு யானை நிஜம். பையனுடைய அப்பாவாக வருகிறவர் டபிள்யூ.ஈ. ஹாலவே, முகத்தில் கருமை பூசிய வெள்ளைக்கார நடிகர். பாகன் எப்படிப் பேசுவார், எப்படி நிற்பார் என்று தெரியாத ஒருவர் தகப்பனாக நடிக்கிறார். அந்தத் தொழிலைத் தன் சொந்தத் தகப்பனிடம் கற்ற பிள்ளை அவர் பக்கத்தில் நிற்கிறது. மைசூரில் எடுத்த காட்சிக்கும் டென்ஹாமில் எடுத்த காட்சிக்கும் உள்ள வித்தியாசம் சாபுவின் தோளிலேயே தெரியும். யானைமேல் இருக்கும்போது அந்தத் தோள் தளர்ந்து, வீட்டில் இருப்பதுபோல் இருக்கிறது. ஸ்டுடியோவில் ஆங்கில வசனம் சொல்லும்போது விறைத்துக்கொள்கிறது. அப்போதுதான் அவர் ஆங்கிலமே கற்றுக்கொண்டிருந்தார்.

அடுத்தது 1938இல் 'தி டிரம்'. வடமேற்கு எல்லைப்புறத்தில் ஆங்கிலேயப் பட்டாளத்தைக் காப்பாற்றும் சின்ன இளவரசனாக சாபு. பம்பாயிலும் சென்னையிலும் அதற்குப் பலத்த எதிர்ப்பு கிளம்பி, இந்தியத் திரையரங்குகளிலிருந்து படம் திரும்பப் பெறப்பட்டது. அந்த வருடம் சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தவர் நம் தொரப்பள்ளி ராஜாஜி. சினிமா மீது அவருக்கு ஒருபோதும் நல்லெண்ணம் இருந்ததில்லை என்பது ஊருக்கே தெரியும். எதிர்த்தவர்கள் எதிர்த்தது நியாயம்தான். அது வெள்ளை ஆட்சிக்குக் கொடி பிடித்த படம். ஆனால் அந்தக் கதையில் சாபுவுக்கு ஒரு கையெழுத்தும் கிடையாது. பதினான்கு வயதுப் பிள்ளை. சொந்த நாட்டில் தன் படத்தை விரட்டுகிறார்கள் என்ற செய்தி லண்டனில் அவர் காதுக்கு எட்டியிருக்கும்.

'பாக்தாத் திருடன்' என்றால் நமக்கு எம்.ஜி.ஆரும் வைஜெயந்திமாலாவும் நடித்த 1960 படம்தான். அதற்கு இருபது வருடம் முன்பே கோர்டா எடுத்த 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்'தில் திருடன் சாபு. இங்கிலாந்தில் தொடங்கி, போர் மூண்டதால் ஹாலிவுட்டில் முடித்த படம். மூன்று ஆஸ்கர் வாங்கியது. பூதத்தை ஏமாற்றிக் குப்பிக்குள் அடைப்பதும், ராட்சதச் சிலந்தியோடு சண்டை போடுவதும், கம்பளத்தில் பறந்து வந்து கடைசி நிமிடத்தில் எல்லோரையும் காப்பாற்றுவதும் சாபுதான். இளவரசியின் காதல் மட்டும் ஜான் ஜஸ்டினுக்கு. நம்மூர்ப் படத்தில் திருடன்தான் நாயகன், காதலும் அவனுக்கே. நாயகனின் வேலை முழுவதையும் வெள்ளைக்கார நாயகனுக்காகச் செய்துகொடுத்துவிட்டு, கோவணத்தோடு வானத்தில் பறந்துபோகும் பிள்ளை ஒருவன் அந்தப் படத்தில்தான் உருவானான். அதற்குப் பிறகு ஹாலிவுட் அவரை அந்த அச்சிலிருந்து வெளியே விடவில்லை.

1942இல் 'ஜங்கிள் புக்', மௌக்லி வேடம். அதே வருடம் யுனிவர்சல் கம்பெனி ஒப்பந்தம் போட்டு, 'அரேபியன் நைட்ஸ்', 'ஒயிட் சாவேஜ்', 'கோப்ரா உமன்' என்று வரிசையாக எடுத்தது. ஜான் ஹாலும் மரியா மான்டெஸும் காதலிப்பார்கள், சாபு கூட ஓடுவார். இந்தப் படங்களைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் எதுவுமில்லை.

திரைக்கு வெளியே நடந்தது வேறு. 1944இல் சாபு அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். இந்தியர்களுக்குப் பொதுவாக அந்த உரிமையை அமெரிக்கச் சட்டம் கொடுத்தது 1946இல்தான். குடிமகன் ஆன கையோடு விமானப்படையில் சேர்ந்து, பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கிக்காரராகப் பசிபிக் போர்முனைக்குப் போனார். சிறப்புப் பறத்தல் வீரப் பதக்கம் கொடுத்தார்கள். இருபது வயதில் ஒரு சினிமா நட்சத்திரம், கை கால் நீட்ட இடமில்லாத துப்பாக்கிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கடல்மேல் பல மணி நேரம் பறந்திருக்கிறார். போர் முடிந்ததும் அவருடைய போர்க்கால வாழ்க்கையை வைத்து யாராவது ஒரு கதை எழுதியிருக்கலாம். ஒருவரும் எழுதவில்லை.

ஒரே ஒரு படம் அவர் வேறு என்ன செய்திருக்கக்கூடும் என்பதைக் காட்டிவிட்டுப் போகிறது. மைக்கேல் பவலும் எமெரிக் பிரெஸ்பர்கரும் 1947இல் எடுத்த 'பிளாக் நார்சிஸஸ்'. இமயமலைக் கதை, எடுத்தது இங்கிலாந்தில். ஜாக் கார்டிஃபின் ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் கிடைத்தது. சாபு அதில் இளம் ஜெனரல். பட்டு, ஜரிகை, கழுத்து நிறைய நகை. கன்னிமார் மடத்துக்கு வந்து, எனக்குப் பாடம் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்கிறார். எந்த நேரத்தில் கணக்கு, எந்த நேரத்தில் எது என்று முன்கூட்டியே எழுதி வைத்த அட்டவணையை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்கிறார். படத்தின் பெயரே அவர் பூசிக்கொண்டு வரும் வாசனைத் தைலத்தின் பெயர்தான்; அதை வாங்கியது லண்டன் கடை ஒன்றில். அந்தக் காட்சிகளில் அவர் கண்ணைப் பாருங்கள். தற்பெருமை, வெட்கம், கற்றுக்கொள்ளும் ஆசை மூன்றும் ஒரே பார்வையில் வருகின்றன. முக்கிய வேடங்களில் அவர் ஒருவர்தான் இந்தியர். அவருடைய காதலி காஞ்சியாக வருகிறவர் கருமை பூசிய ஜீன் சிம்மன்ஸ். அது அந்தக் காலத்து நோய். இருந்தாலும், சாபுவுக்கு நகைச்சுவையும் காதலும் தப்பும் மன்னிப்பும் சேர்ந்த ஒரு முழு ஆளைக் கொடுத்த படம் இது. அவர் திறமை அவ்வளவுதான் என்று சொல்கிறவர்கள் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

அடுத்த வருடமே ஹாலிவுட் அவரைக் காட்டுக்கு அனுப்பிவிட்டது. 'மேன் ஈட்டர் ஆஃப் குமாவோன்', 'சாங் ஆஃப் இந்தியா', பிறகு 'சாவேஜ் டிரம்ஸ்', 'ஜங்கிள் ஹெல்', 'ஜாகுவார்'. பெயர்களைப் படித்தாலே போதும். 1952இல் இத்தாலியில் விட்டோரியோ டி சிகாவோடு ஒரு யானைப் படம். அதே வருடம் லண்டன் ஹாரிங்கே சர்க்கஸில் யானை வித்தை. திரும்பவும் கொட்டடி வேலை, இந்த முறை டிக்கெட் வாங்கிய கூட்டத்துக்கு முன்னால்.

இதே 1952இல் நம் பக்கத்தில் ஒன்று நடந்தது. கிருஷ்ணகிரியும் ஓசூரும் அப்போது சேலம் மாவட்டம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்து எடுத்த 'தி ஜங்கிள்' அந்த வருடம் வெளியானது; தமிழில் 'காடு'. ராட் கேமரன் வேட்டைக்காரர், மேரி வின்சர் இந்திய இளவரசி, சீசர் ரொமேரோ ராமா சிங். நம் யானைகளுக்கு ரோமம் ஒட்டி, ஆதிகால யானைகள் என்று காட்டினார்கள். யானையோடு பேசத் தெரிந்த, ஆங்கிலத்திலும் உருதிலும் வசனம் சொல்லத் தெரிந்த, உலகம் அறிந்த நடிகர் ஒருவர் அப்போது உயிரோடு வேலை தேடிக்கொண்டிருந்தார். சேலத்தில் எடுத்த யானைப் படத்தில்கூட இந்தியனாக நடிக்க வந்தவர் சீசர் ரொமேரோ. மாடர்ன் தியேட்டர்ஸ் மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு. அதை நடத்திய டி.ஆர். சுந்தரம் செய்த சாதனைகள் வேறு யாராலும் முடியாதவை. அதனால்தான் இது கூடுதலாக வலிக்கிறது.

பிறகு மெஹ்பூப் கான் கூப்பிட்டார். 'மதர் இந்தியா'வில் பிர்ஜு வேடம், தாயின் மேல் உயிரை வைத்து ஊரை எதிர்த்து நிற்கும் இளைய மகன். பேச்சுவார்த்தை நடந்தது. அமெரிக்கக் குடிமகன் இங்கே வேலை செய்ய வேண்டிய அனுமதி கூடிவரவில்லை. வேடம் சுனில் தத்துக்குப் போனது; 1957இல் வந்த படம் என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியும். சாபு கடைசிவரை ஓர் இந்தியப் படத்தில்கூட நடிக்கவில்லை. அந்த வருடம் அவருக்கு வந்த படம் 'சாபு அண்ட் தி மேஜிக் ரிங்'. வயது 33, மனைவி, இரண்டு குழந்தைகள். வேடம், மறுபடியும் யானைக் கொட்டடிப் பையன்.

1960இல் ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயரில் ஒரு நட்சத்திரம் பதித்தார்கள். 1963 டிசம்பர் 2 அன்று மாரடைப்பில் இறந்தார், 39 வயது. கடைசிப் படம் டிஸ்னியின் 'எ டைகர் வாக்ஸ்', அடுத்த வருடம் வெளிவந்தது.

இவ்வளவும் எழுதக் காரணம், சாபுவை விட நீங்கள் நல்ல இடத்தில் இருக்கிறீர்கள் என்று நான் நம்புவதுதான். கேமரா உங்கள் கையில். எதிரில் நிற்கிறவர் உங்கள் ஊர்க்காரர். அவர் எப்படிப் பேசுவார், எதற்குச் சிரிப்பார், என்ன சம்பளத்தில் வீடு நடத்துகிறார் என்பது ஃப்ளாஹெர்ட்டிக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் அவருக்கு இரண்டு வார்த்தை எழுதினால், அதைப் பழக்கதோஷம் என்று விட்டுவிட என்னால் முடியாது.

நல்ல முன்மாதிரி ஒன்றும் கையருகே இருக்கிறது. முதுமலை தெப்பக்காடு பொம்மனையும் பெள்ளியையும் வைத்து ஊட்டியில் வளர்ந்த கார்த்திகி கோன்சால்வ்ஸ் எடுத்த ஆவணப்படம் 2023 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியது. அதில் வரும் ரகு, தாயை இழந்து நம் கிருஷ்ணகிரிக் காட்டிலிருந்து போன குட்டி. பரிசு அறிவித்த சமயத்தில் பொம்மன் நம் பக்கத்து மாவட்டத்தில் இருந்தார். தர்மபுரி மாரண்டஹள்ளி அருகே மின்வேலியில் மூன்று யானைகள் செத்து, தவித்து நின்ற இரண்டு குட்டிகளுக்காக வந்திருந்தார். அந்தப் படத்தில் அவர் தன் சொந்தப் பெயரில், தன் வேலையில், தன் உடுப்பில் வருகிறார். குட்டிக்குத் தாய்ப்பாசம் காட்டுவதோடு, அதை வளர்ப்பது எவ்வளவு கணக்கும் கவனமும் தேவைப்படும் தொழில் என்பதும் அதில் தெரிகிறது.

அதையும் தாண்டிப் போக வேண்டும் என்று உங்களைக் கேட்கிறேன். யானை வராத ஒரு படத்தை எழுதுங்கள். அதில் அதே பெரியவர் வரட்டும். பகல் தூக்கம் கெட்டு, ரேஷன் கடை வரிசையில் நின்று, சம்பளம் எப்போது ஏறும் என்று நண்பரோடு வாதாடட்டும். நர்சிங் படிக்கும் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டத் தேன்கனிக்கோட்டைக்கு பஸ் பிடிக்கட்டும். சிப்காட் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை பார்க்கும் இருளர் வீட்டுப் பெண்ணைக் கதாநாயகியாக வையுங்கள். அவள் வீட்டுக்கு யாரும் காட்டைத் தேடி வர வேண்டாம். காதல் வந்தால் அவளுக்கே வரட்டும்.

வசனத்தை எழுதியதும் அவர்களிடம் படித்துக் காட்டுங்கள். இப்படி யாரும் பேசமாட்டார்கள் என்று அவர்கள் சொல்லும் வரியை அடித்துவிடுங்கள். ஒரு நாள் ஷூட்டிங் என்றாலும் அந்த நாள் கூலியைக் கையில் கொடுங்கள். இரவுக் காவலை விட்டு வருகிறவருக்கு அது இலவச சேவை இல்லை. டைட்டிலில் 'ஊர் மக்கள்' என்று மொத்தமாகப் போடாமல், அவரவர் விரும்பும் பெயரை எழுத்துப் பிழை இல்லாமல் போடுங்கள். எடுத்து முடித்த உங்கள் படத்திலும் அந்தக் காட்சிகளைத் திரும்ப எடுக்க முடியும் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பெரியவர் சம்மதித்தால் ஒரு ராத்திரி வேலை. கேமரா வாடகையில் என் பங்கும் இருக்கட்டும்.

அதற்கு முன் 'எலிஃபென்ட் பாய்', 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்', 'பிளாக் நார்சிஸஸ்' மூன்றையும் இதே வரிசையில் சேர்ந்து பார்ப்போம். ஞாயிறு ஷிப்டு இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று சொல்லுங்கள், இடம் நான் பார்க்கிறேன். மூன்றாவது படம் முடிந்ததும் உங்களில் யாராவது ஒருவர் சாபுவுக்காக ஒரு வேடம் எழுதிக் கொண்டுவந்து படிக்க வேண்டும் என்பது என் ஆசை. வயது 33, போர்முனையிலிருந்து திரும்பியவர், மைசூர்க்காரர். அவர் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குகிறார் என்று தொடங்கலாம்.

அன்புடன்,
உங்கள் படங்களுக்காகக் காத்திருக்கும் ஓசூர்க்காரன்